கூடை இல்லாத நடை

முத்துப்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். விற்று முடித்த காலி அன்னக்கூடைகள் மடியில் இருந்தன. மூத்தவள் சொன்னதைக் கேட்டு, ஜன்னல் வழியே பார்த்திருந்த நான் காதை அங்கே கொடுத்தேன்.

“இப்பல்லாம் சாயங்காலம் சும்மா நடக்குறேன்டி. சர்க்கரைக்கு நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“காலம் பூரா தெருத்தெருவா நடந்தது பத்தலையாக்கா?”

“அது கூடையோட நடந்தது. வெறுந்தலையோட போனா கையை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல. மொத நாளே ஒரு அம்மா சட்டியோட ஓடி வந்து, ‘என்ன மீனு?’ன்னுட்டாங்க. வெக்கமாப் போச்சு. மறுநாள் கைக்கு ஒரு பிடியா இருக்கட்டும்னு காலிக் கூடையைத் தூக்கிட்டுப் போனேன்.”

“அய்யோ, தெருவே வந்து கேட்டிருக்குமே!”

“கேட்டுச்சே!”

இளையவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“பேசாம நடக்குறதையே விட்டுற வேண்டியதுதானே?”

“விடுறதா? கூடை சாஞ்சிடும்னு இத்தனை வருஷம் கழுத்தைத் திருப்பினதே இல்லடி. இப்பதான் வாய்க்காலு, வயலுன்னு வேடிக்கை பாத்துக்கிட்டுப் போறேன். டாக்டரம்மா வேணாம்னாலும் இனி நடப்பேன்.”

“மறுபடியும் மீனு கேட்டா?”

“‘இன்னைக்கு மீன் இல்லம்மா, நான் மட்டுந்தான்’னு சொல்லிட்டு, கையை வீசிக்கிட்டுப் போவேன்.”