கொஞ்சம் ஏத்துங்கக்கா

ராஜி, என் கீழ்வீட்டு வசந்தி துவரம்பருப்புக்கு ஏழு விசில் விடுகிறாள். பருப்பை வேகவைக்கிறாளா, ரயில் ஓட்டுகிறாளா என்று தார்நாகாவில் எங்கள் தெருவே பேசுகிறது. பேச ஆரம்பித்தது நான்தான், அது வேறு விஷயம். அந்த விசில் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்.

நேற்று டாக்டர் கொடுத்த காகிதத்தோடு வந்து, "ரோகிணிக்கா, இவர் காதுக்கு என்னதான் ஆச்சு? ஞாயித்துக்கிழமையானா உங்க ரூம்லதானே கெடந்தாரு?" என்று கேட்டாய். நேரில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், கதை பாதியில் நிற்கும். எனக்குப் பாதிக் கதை பிடிக்காது. அதனால் எழுதுகிறேன்.

ராக் பாண்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. என் பாட்டுக்கு நீ வந்து கிட்டார் வாசி, உன் பாட்டுக்கு நான் வந்து கீபோர்டு வாசிக்கிறேன். வெளியிடும்போது 'கெஸ்ட்' என்று ஓர் ஓரத்தில் பெயர் வரும். ஊரில் பாதிப் பாட்டு என் வீட்டுப் பின்னறையில்தான் பதிவாகிறது. எந்த பாண்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாசித்து முடித்த பிறகும் மைக்கை நான் அணைப்பதில்லை. அப்போதுதான் மனிதர்கள் மனசுவிட்டுப் பேசுவார்கள்.

நான்கு வருடம் முன்னால் 'நாச்சாரம் சங்கு' என்ற பாட்டை உன் கிரியின் பாண்டுக்குக் கொடுத்தேன். வரிகள் நான், மெட்டு நான். பதிவு முடிந்ததும் டிரம்ஸ் தினேஷ், "டேய், பாட்டு அக்காவோடது. பேரு போடணும்ல?" என்றான்.

கிரி ஹைதராபாத்திலேயே வளர்ந்தவன், வேண்டாம் என்பதற்கு அவன் வாயில் வேறு வார்த்தை கிடையாது. "நக்கோ மச்சி. அக்காவுக்கு எதுக்குப் பேரு? காபி நல்லாப் போடுறாங்க, போதும். கெஸ்ட்னு ஒரு ஓரமாப் போட்டுரலாம்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அவர்களுக்குத்தான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். நுரையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சொன்னபடியே பாட்டு வெளிவந்தது. என் பாட்டுக்கு நான் விருந்தாளி.

நான் சண்டை போடவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துக்கொள். அவனை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தேன். அமீர்பேட் ஹாஸ்டல் பையன்கள் வந்தாலும், அப்துல் காதரின் பாண்டு வந்தாலும், "கிட்டாருக்குக் கிரியைக் கூப்பிடுங்க" என்றேன். நான்கு வருடத்தில் நூற்றுப்பன்னிரண்டு பாட்டில் அவன் கெஸ்ட். அக்காவுக்குப் பெரிய மனசு என்று நீயே பாயசம் கொண்டுவந்தாய். சர்க்கரை தூக்கல்.

உனக்கு இந்த வேலை தெரியாது, சொல்கிறேன். வாசிப்பவன் காதில் ஹெட்போன் இருக்கும். அதில் பாட்டும், தாளம் தப்பாமல் இருக்க 'டிக் டிக்' என்று ஒரு தட்டலும் போகும். எவ்வளவு சத்தம் என்பது என் விரலில். காலை பத்து மணிக்குச் சத்தத்தை ஒரு கோடு ஏற்றி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் காது மரத்துவிடும். பிறகு அவனே, "கொஞ்சம் ஏத்துங்கக்கா" என்பான். ஏற்றுவேன். ஆறு மணி நேரம் இப்படி. மற்றவர்களைக் காது ஆறட்டும் என்று நடுநடுவே வெளியே உட்காரவைப்பேன். அவனுக்குக் காபி உள்ளேயே போய்விடும்.

இரண்டாம் வருடம் ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான், "அக்கா, ஏதோ விசில் கேட்டுட்டே இருக்கே?"

"வசந்தி வீட்டுக் குக்கர்டா."

"ஹவ்? அப்படியா? இன்னுமா?"

"ஏழு விசில் விடுவா. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

சிரித்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். அன்று வசந்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பதி போயிருந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் குக்கர் இறங்கவேயில்லை. படியில் வசந்தியைப் பார்த்தால், "பருப்பு வெந்துச்சா?" என்று கிண்டல் செய்வான். அவளுக்கு ஒன்றும் புரியாது.

இப்போது மகள் சுபாஸ்ரீ பின்னாலிருந்து கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை என்கிறாய். தெரியும். போன மாதம் கச்சேரிக்கு முன்னால் கிட்டாரை என் முன் நீட்டி, "சுதி சரியா இருக்கான்னு சொல்லுங்கக்கா. உங்க காதைத்தான் நம்புறேன்" என்றான். சுதி நன்றாகவே இறங்கிப்போயிருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அப்படியே மேடை ஏறினான். முன்வரிசையில் சிரித்தார்கள். அவன் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக வாசித்தான்.

காதைக் கெடுத்தது நான்தான், ராஜி. தெரிந்தே, நான்கு வருடம், ஒவ்வொரு கோடாக. போலீசுக்குப் போவதென்றால் இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு போ.

ஆனால் அவன்மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. அந்தப் பேச்சை அன்றே மறந்துவிட்டேன். பதிவை மட்டும் அழிக்கவில்லை. காலையில் காபி குடிக்கும்போது ஹெட்போனில் ஒரே ஒரு தடவை கேட்பேன். "அக்காவுக்கு எதுக்குப் பேரு?" சில நாள் நிமிர்ந்து பார்த்தால் மதியம் ஆகியிருக்கும். சமீபமாக அதில் அவன் குரல் மெதுவாகக் கேட்கிறது. பதிவு பழசாகிவிட்டது போலிருக்கிறது. இன்றைக்கும் ஒரு கோடு ஏற்றி வைத்தேன்.