பூமயில் பேரில் எழுதிய எட்டு ஏக்கர்

வாதி தரப்பு இரண்டாவது சாட்சி, சத்தியப் பிரமாணம் செய்து 1958ஆம் வருடம் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் கருத்தம்மாள். வயது சுமார் ஐம்பத்தைந்து. புருஷன் பெயர் வேல்சாமி, காலஞ்சென்றவர். முதுகுளத்தூர் தாலுகா மேலப்புஞ்சை கிராமத்தில் குடியிருக்கிறேன். கூலி வேலை செய்கிறேன். உயில் எழுதிய மலையாண்டி அவர்களின் புஞ்சையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். பிரதிவாதி மருதுபாண்டி அவருடைய தம்பி மகன். மலையாண்டிக்குப் பிள்ளைகள் இல்லை.

1948ஆம் வருடம் மாசி மாதம் என் ஒரே மகள் பூமயில் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வயது பத்தொன்பது. வலி கண்டு ஒரு பகல் கழிந்த பிறகு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, முதுகுளத்தூருக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி சொன்னாள். ஏழு மைல். ஊரில் வில்வண்டி கிடையாது. நான் மலையாண்டி வீட்டுக்குப் போய் பாரவண்டியைக் கேட்டேன். சந்தைக்கு மிளகாய் மூடை ஏற்றி வண்டி நின்றது. "ஏத்துன மூடைய எறக்கச் சொல்றியா? பொம்பளைக பெறாததா, போ" என்றார். அதன் பிறகு கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கினார்கள். மூன்றாவது மைலில், கண்மாய்க் கரையில் அவள் இறந்துபோனாள். பிள்ளையும் பிழைக்கவில்லை. அவள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் அதே புஞ்சைக்கு மிளகாய்ப் பழம் பறிக்கப் போனேன். வேறு வேலை இல்லை. அதன் பிறகு ஒன்பது வருடம் அவரும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

1957 ஆவணியில் மலையாண்டி படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் மத்தியானம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அங்கே இந்த வழக்கின் வாதியான ஓய்வுபெற்ற வாத்தியார் தங்கசாமி, பத்திரம் எழுதுகிறவர், சாட்சிகள் இருவர் இருந்தார்கள். எழுதிய உயிலை எனக்குக் கேட்கும்படி வாசிக்கச் சொன்னார் மலையாண்டி. பதினாறு ஏக்கரில் மருதுபாண்டிக்கு நாலு, உத்தரகோசமங்கை கோயிலில் திருவாதிரைக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட இரண்டு, எங்கள் ஊரிலேயே பூமயில் பெயரில் பிரசவ விடுதி கட்டி நர்சு ஒருத்தி வைக்க எட்டு, எனக்கு இரண்டு என்று இருந்தது. தர்மத்துக்கு விட்ட நிலத்தைத் தங்கசாமி நிர்வகிக்க வேண்டும் என்றும் இருந்தது. வாசித்த பிறகு, "ஏ கருத்தம்மா, வாங்கிக்கிருவியா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். அவர் கண்ணில் நீர் வடிந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு பதினொரு நாள் உயிரோடு இருந்தார். ஆள் நடமாட்டம் கேட்டால் "அவளா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததாகத் தங்கசாமி சொன்னார். நான் போகவில்லை. போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் மருதுபாண்டி என் வீட்டுக்கு வந்தார். "பெரியப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுருச்சுன்னு மட்டும் கோர்ட்டுல சொல்லு. ஒனக்கு நாலு ஏக்கரா எழுதித் தாரேன். செத்தவ பேருல கட்டடம் எதுக்கு?" என்றார். முடியாது என்றேன்.

குறுக்கு விசாரணையில்: உயில் எழுதிய அன்று மலையாண்டி சுயபுத்தியோடு இருந்தாரா என்று பிரதிவாதி வக்கீல் கேட்டார். "நல்லாத்தான் இருந்தாரு. வண்டி இல்லைன்னாரே, அன்னைக்குத்தான் புத்தி இல்ல" என்று சொன்னேன். கூலிக்காரிக்கு நிலம் கொடுக்கக் காரணம் என்ன என்று கேட்டார். அதைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு ஏக்கரை வாங்கிக்கொள்வாயா என்று கேட்டார். வாங்கிக்கொள்கிறேன். மலையாண்டி கேட்டபோது அவரிடம் இதைச் சொல்லவில்லை.

எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை; எல்லாம் நடந்ததே. கையெழுத்துப் போடத் தெரியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(கருத்தம்மாள் ரேகை)