இடது கால், ஆரஞ்சு வளையம், 02

காப்பி நன்றாக இருக்கிறது. ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டீர்கள். அதிலும் எனக்குக் குறையில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். விசாரணைக்கு வந்தவனுக்கெல்லாம் இரண்டாவது பிஸ்கட் நீட்ட ஆரம்பித்தால் ஹாலந்து என்ன ஆவது.

காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். ஷூர்டின் காலில் இருந்த வளையத்தில் 02 என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் 01 யார், அந்த ஆளை என்ன செய்தாய் என்கிறீர்கள். துறைமுகத்தில் ஆள் இறக்கித் தேடச் சொல்லி உங்கள் உதவியாளர் போனில் பேசியதும் என் காதில் விழுந்தது. பாவம், தண்ணீர் இப்போது பனிக்கட்டி மாதிரி இருக்கும். தேட வேண்டாம். சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நான் எவ்வளவு நியாயமாக நடந்துகொண்டேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

ஓய்வு பெறும்வரை நான் பாலம் தூக்கிக்கொண்டிருந்தவன். துறைமுக வாய்க்கால் பாலத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறதே, அதற்குள்தான் என் வாழ்க்கை. பொத்தானை அமுக்கினால் பாலம் எழும்பும், படகு போகும். நார்வேக்குப் போகும், போர்ச்சுகலுக்குப் போகும். படகுக்காரர்கள் நன்றி சொல்லிக் கையாட்டுவார்கள். பாலத்தைப் பார்த்துத்தான் ஆட்டுவார்கள். நான் பதிலுக்குக் கூண்டுக்குள்ளிருந்து ஆட்டுவேன். குற்றம் சொல்லவில்லை. பாலம் பெரியது, கண்ணில் படுகிறது.

ஓய்வுக்குப் பிறகு வளையம் படிக்கப் போனேன். கடற்காகங்களின் காலில் நிற வளையம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எங்களைப் போன்ற சம்பளமில்லாத ஆட்கள் தொலைநோக்கியால் அதைப் படித்து, திட்டத்தை நடத்தும் முனைவர் லீஸ்பெத்துக்கு எழுதிப் போடுவோம். பதிலுக்கு அந்தப் பறவையின் வாழ்க்கைக் குறிப்பு வரும். எந்தக் கூரையில் பிறந்தது, எந்த நாட்டுக் குப்பைமேட்டில் எந்தப் புண்ணியவான் பார்த்தான், எல்லாம். அந்தப் பதிலுக்காகத்தான் வயதுவந்த மனிதர்கள் மழையில் நிற்கிறார்கள்.

ஒன்றை இங்கே நீங்கள் குறித்துக்கொள்வது நல்லது. வளையம் படிப்பவன் காலைத்தான் பார்ப்பான். காலுக்கு மேலே அந்தப் பறவைக்குத் தொப்பி மாட்டியிருந்தாலும் அவனுக்குத் தெரியாது.

என் பறவை கே 7. நீல வளையம். அலீ என்ற அம்மாளின் மீன்கடைக்கு எதிரே உள்ள விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும். முதன்முதலில் எழுதிப்போட்டு, பதில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் திறந்தேன். பார்த்த இடம், விளக்குக் கம்பம். பார்த்தவர், வீபே. அது நான்தான். அடுத்த வருடமும் அதே கம்பம், அதே வீபே. அதை வாழ்க்கைக் குறிப்பு என்று சொல்வதைவிடக் கம்பத்தின் குறிப்பு என்று சொல்லலாம்.

ஷூர்ட் என் தங்கை ரென்ஸ்கேயின் கணவன். அவனும் வளையம் படிப்பான். அவன் பறவை கருமுதுகு இனம்; ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் மொராக்கோ போய்வரும். ரென்ஸ்கேயின் பிறந்தநாள் அன்று எல்லோரும் வழக்கம்போல வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தோம். ஷூர்ட் ஒரு வரைபடத்தை விரித்தான். பிரான்ஸ், ஸ்பெயின், ஆப்பிரிக்கா என்று சிவப்புக் கோடு ஓடியது.

"மச்சான், உன் ஆளு இந்த வருஷம் எங்க போச்சு?" என்றான்.

"கம்பத்துலதான் இருக்கு."

"பக்கத்துக் கம்பத்துக்காவது ஒரு நடை போயிருக்கும்னு நினைச்சேன். சரி விடு, பாக்கறவன் எப்படியோ அப்படித்தானே பறவையும்."

வட்டம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது சிரிக்காமல் இருந்தால் தனியாகத் தெரியும். ரென்ஸ்கே எனக்குப் பரிந்துகொண்டு வந்தாள். "அண்ணனைக் கிண்டல் பண்ணாதீங்க. அவரும் வெளியூர் போயிருக்காரு. பல்லு புடுங்க."

அடுத்த வாரம் கே 7ஐப் பிடித்தேன். உருளைக்கிழங்கு வறுவலுக்கு அது யார் மடியிலும் ஏறும். பூனைக்கூடையில் வைத்து, பிரான்சில் பூலோன் துறைமுகம்வரை காரில் கொண்டுபோய் விட்டேன். அங்கே ஒரு தொண்டர் பார்த்து எழுதிப்போட்டார். நான் ஊர் திரும்பியபோது கே 7 கம்பத்தில் உட்கார்ந்திருந்தது. நான் வழியில் சாப்பிட நிறுத்தினேன். அது நிறுத்தவில்லை போலிருக்கிறது.

பிறகு ஸ்பெயினில் வீகோவுக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு கப்பலேறி மொராக்கோவின் டாஞ்சியருக்கு. சுங்கத்தில் பூனை என்றேன். பூனை இப்படியா கத்தும் என்றார் அங்கிருந்தவர். வயதான பூனை என்றேன். முனைவர் லீஸ்பெத் எனக்கே போன் செய்து, அந்த இனமே அத்தனை தெற்கே போவதில்லை, விஞ்ஞானம் இதுவரை காணாத சங்கதி என்று சொன்னார். கருத்தரங்கில் கே 7ஐப் பற்றித் தனிக் கட்டுரை படித்தார்கள். அடுத்த பிறந்தநாள் வட்டத்தில் என்னிடம் வரைபடம் இருந்தது. ஷூர்ட் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நிறுத்திக்கொள்ள நினைத்த நேரத்தில்தான் ஷூர்ட் ஒழுங்கீனமாக நடந்துகொண்டான். டாஞ்சியர் தொண்டர் எடுத்த புகைப்படத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறான். படத்தில் வளையம் தெளிவாக இருந்தது. அவன் வளையத்தோடு நிறுத்தாமல் படத்தின் ஓரத்தைப் பார்த்திருக்கிறான். அங்கே ஒரு பூனைக்கூடை. அதன் பக்கத்தில் ரென்ஸ்கே எனக்குப் பின்னிக்கொடுத்த பச்சைக் காலுறை, நான் அதற்குள்.

இது கோடையில் நடந்தது. அவன் பார்க்கிற பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர் தொடங்கியதும், "மாப்ளே, உன் பறவையை மொராக்கோவுல நேர்ல பாத்திருக்கியா? வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். உடனே கிளம்பிவிட்டான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவனுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு பெரும்பாலும் தூங்கினான். கே 7ம் காரில் வாந்தி எடுத்ததுதான், ஆனால் அது சீக்கிரம் தேறியது.

ஸ்பெயினைத் தாண்டும்போது ஒருமுறை விழித்துக்கொண்டு பேசினான்.

"மச்சான், கூடை விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கே 7 ஏன் அந்தக் கம்பத்தை விட்டுப் போகலன்னு என்னிக்காவது பாத்தியா?"

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"கீழ பாத்திருக்கணும்யா. அலீ கடை அடியில ஒண்ணு உக்காந்திருக்கு, ஒரு இறக்கை தொங்கிட்டு. இது மேல இருந்து புடுங்கிட்டு வந்து அதுக்குப் போடுது. நீ இதைத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் அலீதான் மீன்தலை போட்டு அதைக் காப்பாத்தியிருக்கா."

"அதுக்கு வளையம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

ஷூர்ட் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரித்தான் என்று சொல்லமாட்டேன். என் தோளில் தட்டிவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போனான். அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். வளையமும் பசையும் வீட்டிலிருந்தே பையில் இருந்தன என்பது வேறு விஷயம்.

மொராக்கோவில் அகாடிருக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் கரையில் காரை நிறுத்தினேன். வளையம் கழிவுநீர்க் குழாயில் வெட்டியது, ஆரஞ்சு நிறம். வெந்நீரில் போட்டால் இளகும். இடது காலில் மாட்டிப் பசை வைத்தேன், அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை. வளையம் தெரியவேண்டுமே, அதனால் பூட்ஸையும் காலுறையையும் எடுத்துக்கொண்டேன், கால்சட்டையை அந்தப் பக்கம் மட்டும் முழங்கால்வரை வெட்டினேன். போன், பாஸ்போர்ட், பர்ஸ், இதெல்லாம் பறவைக்குக் கிடையாது. எழுந்ததும் தொலைநோக்கியைக் கொடுத்துக் கரைப்பக்கம் கைகாட்டினேன். அவன் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, தன் பறவையைத் தேடிக்கொண்டு நடந்தான். நான் காரைத் திருப்பினேன். தொலைநோக்கியை அவனிடமே விட்டுவிட்டேன். நான் மிருகமில்லை.

இதைக் கடத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் துறையில் இதற்கு இடமாற்றச் சோதனை என்று பெயர். ஒன்றைத் தூரத்தில் கொண்டுபோய் விட்டு, வழி கண்டுபிடித்து வருகிறதா என்று பார்ப்பது. தொண்டர்கள் குழுவுக்கு முறைப்படி தகவல் கொடுத்தேன்: ஆரஞ்சு, இடது கால், உருவம் பெரியது, பார்த்தால் வீபேயிடம் தெரிவிக்கவும்.

தெரிவித்தார்கள். அங்கே குளிர்காலம் கழிக்கும் ஒரு பிரெஞ்சு அம்மாள்தான் முதலில் எழுதினார். "02. மீன் ஏலத்தில் நின்றது. விடாமல் கத்தியது. உடல்நலம் நன்று." அடுத்து இன்னும் வடக்கே எஸ்ஸவீராவிலிருந்து, "02. கரையோரம் வடக்கு நோக்கி நடை. படகுக்காரர்கள் கொடுத்த மத்தி மீனைத் தின்றது. மேல்பகுதி தோல் உரிகிறது, இறகு உதிர்காலமாக இருக்கலாம்." ஒருவர்கூட இது என்ன இனம் என்று கேட்கவில்லை. எண்ணைச் சரியாகப் படித்திருந்தார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு அனுப்பினேன். வளையமிட்ட இடம், கார். அப்போதைய நிலை, தூக்கம்.

ஷூர்ட் யாரிடமும் வழி கேட்கமாட்டான், அது அவன் பிறவிக்குணம். கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் என்றைக்காவது ஹாலந்து வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பறவைகளும் அப்படித்தான் வருகின்றன. டாஞ்சியரில் நின்றான். மீன்படகில் நீரிணையைத் தாண்டினான். போர்ச்சுகலில் ஒரு குப்பைமேட்டில் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து, வளையத்தைப் படித்ததில் யார் முந்தி என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஷூர்ட் மெதுவாக வருவான் என்றுதான் ரென்ஸ்கேயிடம் சொல்லியிருந்தேன், ஆனாலும் அவள் தவித்துப்போனாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"கவலப்படாதம்மா. போன மாசம் போர்ச்சுகல்ல பாத்திருக்காங்க. நல்லா மேயுதாம். வடக்கதான் நகருது."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணா, நீ என் புருஷனைப் பத்திப் பேசறியா, பறவையைப் பத்தியா?"

பதில் சொல்வதற்குள் உங்களுக்குப் போன் செய்துவிட்டாள்.

இன்று காலை அவன் வந்து சேர்ந்துவிட்டான் என்று நீங்களே சொன்னீர்கள். நான்தான் சொன்னேனே, வரும் என்று. வந்ததும் முதலில் அலீ கடையில் நிறுத்தி, வெங்காயம் போட்டுப் பச்சை மீன் தின்றானாம். கடைக்கு அடியில் இருந்ததற்கும் ஒரு துண்டு போட்டானாம். அப்புறம் இங்கே வந்திருக்கிறான். என்னைக் கைதுசெய்தீர்களா என்றுகூட அவன் கேட்கவில்லை, வழியில் யார் யார் தன்னைப் பார்த்தார்கள் என்ற குறிப்பைக் கேட்டான் என்கிறீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். அழகான குறிப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து இங்கேவரை எத்தனை பேர் அவனுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் அவன் பக்கத்தில்தான் நானும் இருந்தேன். அதில் என் பேச்சே இல்லை.

என் சமையலறை இழுப்பறையில் 03 இருக்கிறது. ரென்ஸ்கேக்காக வெட்டியது. அளவு குத்துமதிப்புதான், அவளிடம் காட்ட வேண்டாம், தன்னைப் பருமன் என்று நான் நினைத்துவிட்டதாக வருத்தப்படுவாள்.

சரி, 01. பசை தோலைப் புண்ணாக்குமா என்று சோதிக்காமல் இன்னோர் உயிருக்கு மாட்டக்கூடாது. அது அடிப்படை. அதனால் முதல் வளையத்தை நானே மாட்டிப் பார்த்தேன். ஷூர்டின் நலனுக்காகத்தான், வேறு காரணமில்லை. மாட்டியது வசந்தத்தில். ஷூர்ட் அந்தப் படத்தைப் பார்த்ததே கோடையில்தானே என்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்தான். தோலைச் சோதிக்கக் காலம் பிடிக்கும் அம்மா. வெளியே தெரிந்தால்தானே காற்றுப் படும் என்று கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அலீ கடைக்குப் போனேன், துறைமுகத்தைச் சுற்றினேன், தொண்டர்கள் வரிசையாகத் தொலைநோக்கி வைத்திருக்கும் மேட்டுக்கு எதிரே மணலில் நின்றும் பார்த்தேன். கொஞ்சம் நகரச் சொன்னார்கள். பின்னால் ஏதோ பறவை இருந்ததாம்.

உதவியாளரிடம் ஆட்களைக் கரையேறச் சொல்லிவிடுங்கள். நீங்கள் மேசைக்கு அடியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இடது கால், வெள்ளை வளையம். படித்துவிட்டீர்களா? பார்த்த இடம் என்பதில் காவல் நிலையம் என்று எழுதுங்கள், பார்த்தவர் என்பதில் உங்கள் பெயரை. உடல்நலம் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி. பதிலுக்கு என் வாழ்க்கைக் குறிப்பை முறைப்படி அனுப்பிவைக்கிறேன். அதிகம் படிக்க வேண்டியிருக்காது. ஒரே வரிதான், அதுவும் இப்போது நீங்கள் எழுதியது.