தபால் அக்கா ஏற்றுக்கொண்ட பழி

இந்தக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே, எனக்குப் பின் இந்தப் பிள்ளைகள் மையத்தின் பொறுப்பை ஏற்று நடத்திவரும் மேலாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தபால் அக்காவின் தங்கையே, தங்கை வீட்டாரே, அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்த ஆசிரியைகளே, அடுப்பை அணைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடிவந்து கதவோரம் நிற்கும் சமையற்கட்டுச் சகோதரிகளே, இந்த மையத்தில் வளர்ந்து இன்று பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் எங்கள் ஸ்பான்சர் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். போதகர் ஐயா என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினேழு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறைந்த நம் தபால் அக்கா அவர்கள் இருபத்தாறு வருடம் இங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தார். மொழிபெயர்ப்பாளர் என்பது அலுவலகம் கொடுத்த பதவி. தபால் அக்கா என்பது பிள்ளைகள் கொடுத்த பட்டம். எந்தப் பதவியையும் விட அந்தப் பட்டம்தான் அவருக்குப் பொருந்தியது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தூர தேசங்களில் இருக்கும் விசுவாசிகள், வறுமையில் இருக்கும் நம் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளை ஆளுக்கு ஒருவராக ஏற்றுக்கொண்டு, படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உதவுகிறார்கள். அந்த ஸ்பான்சரும் இந்தப் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இருவரும் முழங்கால் போடுவது ஒரே தேவனுக்கு முன்னால். இருவருக்கும் நடுவில் இருப்பது கடிதம் ஒன்றுதான். பிள்ளை நம் மொழியில் எழுதும். அக்கா அதை அவர்கள் மொழிக்கு மாற்றுவார். அங்கிருந்து வருவதை நம் மொழிக்கு மாற்றி, பிள்ளையை அருகில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவார்.

அக்கா வருவதற்கு முன் இங்கே கடிதம் எப்படி எழுதப்பட்டது தெரியுமா? ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போடுவார். "நான் நலம். தாங்கள் நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன்." நாற்பது பிள்ளைகளும் பார்த்து எழுதும். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைகூட நலம் என்றுதான் எழுதும். அக்கா வந்த முதல் மாதமே துணியை நனைத்துப் பலகையைத் துடைத்துவிட்டார். "நீங்க எழுதுறதத்தான் நான் மாத்துவேன். நீங்க எழுதாதத நான் சேர்க்க மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு பொடியன் தன் ஸ்பான்சருக்கு எழுதினான்: "உங்கள் போட்டோ பார்த்தேன். நீங்கள் நல்ல குண்டாக இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன்." நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். "அக்கா, இது போச்சுன்னா அந்த மனுஷன் நம்மள விட்டே போயிடுவாரு" என்றேன். அக்கா ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினார். அந்த மனிதர் என்ன பதில் எழுதினார்? கடிதத்தைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருப்பதாகவும், தனக்குக் கிடைத்த உண்மையான வாழ்த்து அது ஒன்றுதான் என்றும் எழுதினார். அந்தப் பொடியன் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை அவர் விலகவில்லை. பொடியன் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறான். இப்போது அவனும் அந்த ஸ்பான்சர் அளவுக்கு வந்துவிட்டான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அக்காவும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்தான்.

இதோடு நிறுத்திவிட்டு, உத்தமமான ஊழியக்காரி மறைந்தார், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று சொல்லி நான் இறங்கிவிடலாம். அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு இல்லாத தைரியம், அவர் காது கேட்காத இந்த நேரத்திலாவது வரவேண்டாமா?

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. நம் மையத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். அதனால் அவளுக்குக் கேள்வி என்றே பெயர். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். அவளுடைய ஸ்பான்சர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். நர்ஸம்மா என்றுதான் அவளும் எழுதுவாள். அந்த மழையில் கேள்வியின் மூன்று வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது; வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தது. ஜெபியுங்கள் என்று நர்ஸம்மாவுக்கு எழுதினாள். ஜெபிக்கிறேன் என்று பதில் வந்தது. அந்தப் பதில் இங்கே வந்துசேர்ந்த வாரத்தில் பிள்ளை இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துக் கேள்வி ஒரு கடிதம் எழுதினாள். அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

"அன்புள்ள நர்ஸம்மா, தம்பிக்காக நீங்களும் ஜெபித்தீர்கள், நானும் ஜெபித்தேன். தம்பி செத்துப்போனான். இப்போது எனக்கு ஜெபம் வரவில்லை. வாய் அசைகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. உங்களுக்கு எப்போதாவது ஜெபம் வராமல் போனது உண்டா? உண்டு என்றால் அப்போது என்ன செய்தீர்கள்?"

அக்கா அதை மொழிபெயர்த்து, என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்து வைத்தார். நான் படித்தேன். மூடிவைத்தேன்.

"இது போகக் கூடாது" என்றேன்.

"ஏன் சார்?"

"அங்க தனியா இருக்கிற வயசான அம்மா. அவங்கள எதுக்குக் கலங்கவைக்கணும்? ஏற்கெனவே ரெண்டு ஸ்பான்சர் விலகிட்டாங்க. மேலிடத்துல இருந்து என்னக் கேக்குறாங்க. ஜெபம் வரலன்னு ஒரு பிள்ள எழுதினா, இங்க நீங்க என்னதான் சொல்லிக்கொடுக்கிறீங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

அலுவலகத்தில் அக்கா என்னை எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "தம்பி" என்றார். "தம்பி, அவ நம்மளக் கேக்கல. அவங்களத்தான் கேட்டிருக்கா. பதில் சொல்லட்டும், சொல்லாமப் போகட்டும். நடுவுல நின்னு நாம மறிக்கலாமா?"

நான் கேட்கவில்லை. வேறு கடிதம் எழுதச் சொன்னேன். முடியாது என்றார். அதற்காக நான் வேறு யாரையும் வைத்து எழுதச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவள் பெயரில் நானே உட்கார்ந்து அவர்கள் மொழியில் எழுதினேன், இந்தக் கையால். "நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்." அக்கா துடைத்துப்போட்ட கரும்பலகையை நான் திரும்ப எழுதினேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. "தம்பியைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. சுகமாகிவிட்டான் என்று நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்" என்று நர்ஸம்மா எழுதியிருந்தார். இதை அந்தப் பிள்ளைக்கு யார் படித்துக்காட்டுவது? அது அக்காவின் வேலை. நான் என் அறையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, நான் எழுதினத அவங்க படிக்கவே இல்லையா?"

"உன் கடிதம் போகல கண்ணு."

"யாரு அனுப்பல?"

அக்கா என் அறைப் பக்கம் திரும்பவில்லை. "என் மேசையிலயே நின்னுடுச்சு. தப்பு என்னோடது" என்றார்.

"நீங்களுமா அக்கா?"

இந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எழுந்துபோன பிள்ளை, அதற்குப் பிறகு மையத்துக்கு வரவில்லை. எழுந்து வெளியே போய், "நான்தான் நிறுத்தினேன்" என்று சொல்ல எனக்கு எத்தனை அடி தூரம்? பத்து அடி இருக்குமா? நான் போகவில்லை. சாயங்காலம் அக்காவிடம், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "மேலாளர் சொன்னாருன்னு தெரிஞ்சா அவங்க அப்பா அம்மா இந்தப் படியே ஏற மாட்டாங்க. என்மேல கோவம்னா என்னோட போகும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைதோறும் அக்கா அந்த வீட்டுக்குப் போனார். ஒன்றரை வருடம். வாய்க்காலை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கேள்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அக்கா அவள் அம்மாவோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொடுத்துவிட்டு, பள்ளிப் புத்தகங்களை வைத்துவிட்டு வருவார். அந்த ஒன்றரை வருடத்தில் மூன்று முறை என்னிடம் வந்து, "அந்தக் கடிதத்த இப்பவாவது அனுப்பிடலாம் தம்பி" என்று கேட்டார். மூன்று முறையும் பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் நம் வாயில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களிலும் நர்ஸம்மாவுக்கு அவள் பெயரில் அதே நலம் கடிதத்தை நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு நர்ஸம்மாவின் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி. அதோடு நிற்கவில்லை. "என் அண்ணன் இளம் வயதில் விபத்தில் இறந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அம்மா ஆலயத்துக்குப் போகவில்லை. அவரால் ஜெபிக்க முடியவில்லை. அந்த நாட்களில்தான் உங்கள் பிள்ளை ஒருத்திக்கு எழுதத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் பிறகு அவளிடமிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் சந்தோஷமாகவே இருந்ததால், குழந்தை மனதைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்."

அன்புக்குரியவர்களே, இதைவிட எனக்கு என்ன தண்டனை வேண்டும்? ஒரே துக்கத்தை அறிந்த இரண்டு பேர். ஒரே விசுவாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தடுமாறிய இரண்டு பேர். ஒருத்தி கேட்டாள்; அதற்குரிய பதிலை மற்றவர் வைத்திருந்தார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஏழைப் பிள்ளை வாங்குகிறவள், வசதியுள்ளவர் கொடுக்கிறவர் என்றுதான் நான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை தன் பாரத்தைக் கொடுக்க வந்தபோது, அதைப் பெற்றுக்கொள்ளவும் ஒரு கை அங்கே நீண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. இருவர் கடிதத்தையும் படித்துவந்த அக்காவுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்து என் மேசையில் வைத்துவிட்டு, "இத அந்தப் பிள்ளகிட்ட நீங்கதான் கொண்டுபோகணும் தம்பி" என்றார். கூட்டம் இருக்கிறது என்றேன். அன்று கூட்டம் எதுவும் இல்லை. அக்காவே கொண்டுபோனார்.

அங்கே நடந்ததைக் கேள்வி போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். ஆம், அவள் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறாள். ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று திரும்பித் தேடாதீர்கள். அவள் அனுமதி கொடுத்ததால்தான் இதையெல்லாம் பேசுகிறேன். அன்று கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ஜெபம் வராதப்ப அவங்க என்ன செஞ்சாங்களாம்?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா, "உனக்கு எழுதினாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை அழுதிருக்கிறாள், தம்பி போனபின் முதல் தடவையாக. அடுத்த திங்கட்கிழமை மையத்துக்குத் திரும்பி வந்தாள். படித்தாள். ஜெபம் திரும்ப வந்ததா என்று அக்கா ஒருநாளும் அவளைக் கேட்கவில்லையாம்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் இரண்டு முறை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முதல் முறை ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் முறை யாருமே இல்லை. மாத்திரை வேளாவேளைக்குத் தருகிறார்களா என்று கேட்டேன். காற்றோட்டமான வார்டு என்றேன். அக்கா பேச்சு சரியாக வராத வாயால், "வீட்ல எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். சுகம் என்றேன். எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் முறை போக நினைத்த அன்று அவர் தங்கை போன் செய்தார்.

அடக்கத்துக்குப் பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் கேள்வியை நிறுத்தி, உண்மையைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்காகிட்ட, அந்தக் கடிதத்துக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு சொன்னேன் சார். அவங்க என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, சந்தோஷம் கண்ணுன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

செய்யாத தவறுக்கு வந்த மன்னிப்பைக்கூட மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அதை மறுத்தால் என் பெயர் வெளியே வரும். அதற்காகத்தான்.

தங்கை அவர்களே, உங்கள் அக்காமேல் பதினேழு வருடம் ஒட்டியிருந்த பழி என்னுடையது. சபைக்கு முன்பாக அதை இன்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுத் துக்கத்தைத் தேவன் ஆற்ற வேண்டும். எனக்கு ஆற்றத் தெரியவில்லை.

மேலாளர் அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். அவர் ஒப்புக்கொண்டார். இனி இந்த மையத்திலிருந்து பிள்ளை எழுதுவது, பிள்ளை எழுதியபடியே போகும். பசி என்றால் பசி. கோபம் என்றால் கோபம். ஜெபம் வரவில்லை என்றால் அதுவும் போகும். அங்கிருந்து கண்ணீர் வந்தால் அந்தக் கண்ணீரும் பிள்ளைக்கு வந்துசேரும். அக்கா விட்டுப்போன வேலையில் புதிதாக ஒருவர் பழகும்வரை, எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியோடு நான் வந்து உதவுகிறேன். நான் மாற்றுவதை ஒரு ஆசிரியை சரிபார்க்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

கேள்வியிடமும் மன்னிப்புக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். யோசிக்கட்டும். அவசரம் ஒன்றும் இல்லை, நான் காத்திருக்கிறேன்.