ஏழு என்றால் என்ன?

குள்ளஞ்சாவடி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்தவர், சுரங்க வேலைக்கு உடம்பைப் பரிசோதித்த டாக்டர் ஆபீஸில் கொடுத்த சீட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தபடி நீட்டினார்.

“மைன்ஸ் வேலைக்கு என்னை ஏழாவது ஆளா எடுத்துட்டாங்க. ஏழுன்னு போட்டிருக்கு பாருங்க.”

“நான் அந்த ஆபீஸ்லதாங்க டைப் அடிக்கிறேன். இது வரிசை நம்பர் இல்லீங்க. ஏழுன்னா நெஞ்சுல கோளாறுன்னு அர்த்தம். வேலை கிடைக்காதுங்க.”

அவர் சீட்டைத் திரும்ப வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“வூட்ல பாயசம் வச்சிகினு இருப்பாங்க. இதைத் தமிழ்ல எழுதியிருக்கக் கூடாதா?”

“நம்பர் மட்டும்தான் போடணும்னு உத்தரவுங்க.”

“அப்ப நீங்களே கீழ எழுதிக் குடுங்க. சம்சாரத்துக்குப் படிக்கத் தெரியும். எனக்குச் சொல்ல வாய் வராது.”

டைப்பிஸ்ட் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

“பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லைன்னும் சேத்து எழுதுங்க.”

பேனா அப்படியே நின்றுவிட்டது.