வெர்ன் பெஸ்விக்கின் அட்டை

ஆகஸ்ட் 14, வியாழன். பர்னி நகரம்.

புத்தக முதுகில் தலைப்பு ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. தாளை மாற்றிய பிறகு முதுகின் அகலத்தைத் திரும்பக் கணக்கிடவில்லை. தவறு என்னுடையது. வடிவமைப்பு மாலை வகுப்பில் ஒவ்வொரு தவறையும் இப்படி எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றதையும் எழுதுகிறேன், அதைத் தவறென்று நான் நினைக்கவில்லை.

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு உதவும் சிறிய நிறுவனத்தில் பகலில் வேலை செய்கிறேன். வெர்ன் பெஸ்விக் ஆயுள் முழுக்கச் சிங்கி இறால் பிடித்தவர். நுரையீரலில் புற்றுநோய். தன் கடல் வாழ்க்கையை எழுதிக்கொண்டு வந்தார். அட்டைக்கென்று, இறந்துபோன மனைவி சுவர்ப் பெயின்ட்டில் வரைந்த படகுப் படத்தையும் கொண்டுவந்தார்.

"மவ்ரீன் வரைஞ்சதுதான் அட்டையில வரணும் தம்பி. ஒருதடவை கையில புடிச்சுப் பாத்துட்டாப் போதும், அப்புறம் நான் கெளம்பிருவேன்."

படம் மோசம். படகு தண்ணீரைத் தொடவேயில்லை. வானத்துக்குக் குளியலறை டைல்ஸின் நிறம்.

நான் வேறொரு அட்டை செய்தேன். சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு அடிவானக் கோடு, கீழே மெல்லிய எழுத்து. என் வேலையை நான் சுலபத்தில் நம்புகிறவனில்லை; ஓர் எழுத்துருவைத் தேர்ந்துவிட்டு மூன்று பேரிடம் கேட்பேன். இதை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. வெர்ன் பார்த்துச் சிரித்தார். "ஒரு மீன்கூட இல்லாத கடலா இருக்கேப்பா," என்றார்.

மாதிரிப் பிரதியில் வாடிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. அது எங்கள் முதலாளி குவென்டாவின் விதி. என் மாதிரியில் வெர்ன் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே, ஸ்கேன் செய்த படத்தில் புள்ளிகள் குறைவு, துல்லியம் போதவில்லை என்றேன். போதுமான அளவு இருந்தது. மகள் ஜனின் அவரை மறுபடி காரில் கூட்டிவந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்ப ஸ்கேன் செய்தேன். அடுத்த முறை, அந்த நீலம் அச்சில் வராது என்றேன். அதற்கும் அடுத்த முறை, அச்சகம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது என்றேன். அச்சகத்துக்கு நான் எதையும் அனுப்பியிருக்கவில்லை.

"சிங்கி இறால்கூட இவ்ளோ அடம் புடிக்காது," என்றார். "எனக்கு இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் புரியாது தம்பி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவருக்கு அதிக நாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு அவசரமில்லை.

ஞாயிறன்று இறந்தார். மறுநாள் ஜனின் வந்தாள். இறுதிச் சடங்குக்குள் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டாள். என் மாதிரியை அவள் முன் வைத்தேன்.

"அம்மா படம் எங்கே?"

"அவரே வேண்டாம்னுட்டார்."

"இது அப்பாவுக்குப் புடிச்சிருந்துச்சா?"

"ரொம்ப," என்றேன். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

இரக்கமில்லை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். அந்தப் படகோடு வந்திருந்தால் குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். இனித் தொடுவார்கள். அவருக்காக வேறு யாரும் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

நாளை பத்து மணிக்கு இறுதிச் சடங்கு. பிரதிகளை முன்னதாகவே கொண்டுபோக வேண்டும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ஒன்றை அவர் கைகளில் வைக்கச் சொல்ல வேண்டும், அட்டை மேலே தெரியும்படி.