கூன் விழுந்த போத்தல்

ஐந்தாண்டுகளுக்கு முன் இதே மேடையில் என் ஒலிவாங்கியை அணைத்த தலைவர் தம்பையா அவர்களே! அன்று சேர்ந்து சிரித்த கோயில் பெரியோர்களே! கொழுந்துக் கூடைக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்துத் திருவிழாவுக்கு வந்திருக்கும் பசறை மலைத் தாய்மார்களே! வணக்கம்.

“இன்னுமா மறக்கல?” என்கிறார் தலைவர். மறக்கவில்லை ஐயா. மறக்கவிடாத பொருள் ஒன்று என் கையில் இருக்கிறது.

இது என் அக்கா ரெங்கம்மாவின் பிளாஸ்டிக் சோடாப் போத்தல். காலையில் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் தேயிலைச் சாயத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க இதில்தான் ஊற்றுவாள். ஊற்றியதும் இடுப்பு ஒடுங்கும்; கழுத்து சாயும். “பாருடா, எனக்கு முந்தி இதுக்குக் கூன் விழுந்திருச்சு!” என்று சிரிப்பாள். போத்தல் சுருங்கியதைக் கண்டோம். சாயத்தோடு சேர்ந்து இறங்கியதைக் கண்டோமா? அதற்கு நிறமுண்டா? மணமுண்டா?

அக்காவைக் கொண்டுபோனது இதுதான் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை; நானும் சொல்லமாட்டேன். ஆனால் சூடுபட்ட பிளாஸ்டிக்கிலிருந்து இரசாயனங்கள் உணவில் இறங்கும். உடலின் சுரப்பிகளைக் குழப்பக்கூடியவை அவற்றில் உண்டு. கருவைத் தொடக்கூடியவையும் உண்டு. அன்று இதைச் சொல்லத்தான் வந்தேன். “பசிக்குது, படிச்சவரே!” என்றீர்கள்.

அக்கா போய் மூன்றாண்டு. நேற்றுப் பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் லயத்து வீட்டுக்குப் போனேன். ஆளில்லை. அடுப்படியில் இந்தப் போத்தல், கழுத்தைச் சாய்த்து வாசலைப் பார்த்து நின்றது. உள்ளே ஆவி. தொட்டேன், சுட்டது! மூன்றாண்டுக்குப் பின் அதில் சாயத்தண்ணி ஊற்றியது யார்?

அதோ, முன்வரிசையில் இருக்கும் அவள் மகள் துஷாந்தினி. ஏழு மாதக் கர்ப்பிணி. “அம்மா போத்தல் மாமா. பிடிச்சா அம்மா கைய பிடிச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

அமைதி, தாய்மார்களே. ஒலிவாங்கியருகே வைத்துக் கொதிநீர் ஊற்றுகிறேன்.

டிக்... டிக்... கேட்கிறதா? தேயிலைக்குள் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியிலும் கேட்கிறதா? பாருங்கள், நெளிகிறது. தலை குனிகிறது. யாரைத் தேடிக் குனிகிறது?

“நிப்பாட்டுங்க மாமா!” என்கிறாள். நிறுத்திவிட்டேன் மகளே.

பந்தலுக்குப் பின்னால் அன்னதானச் சாம்பார் கொதிக்கிறது. நீங்களோ அதை வாங்கப் பிளாஸ்டிக் ஷொப்பிங் பைகளோடு காத்திருக்கிறீர்கள். பையை மடித்து வையுங்கள், தூக்குச்சட்டி கொண்டுவாருங்கள். என்ன பாக்கியலெட்சுமி, “லயம் தூரங்க” என்கிறாயா? போய் வா அம்மா, சாம்பார் ஓடிவிடாது. தலைவரே, அதுவரை பரிமாறாமல் காத்திருப்பீர்களா?

தலையாட்டுகிறார்! என் கோபத்தில் பாதியை இறக்கிவைக்கிறேன். மீதி இருக்கட்டும்.

துஷாந்தினி, மேலே வா. இந்தச் சில்வர் போத்தலைப் பிடி. அம்மா கைபோல இராது, கொதிக்க ஊற்றினால் சுடும். சுடட்டும். அந்தப் போத்தல்போல் ஒளிக்காமல், இது செய்வதை உன் கைக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறதே.

பொறுமையோடு கேட்டீர்கள், இந்த முறை அணைக்காமலும் விட்டீர்கள். நன்றி, வணக்கம்.